கூரைக் கம்பிகள்: மொரீஷியஸ் நாட்குறிப்பு

முதல் நாள் (அக்டோபர் 29)

பிளேசான்ஸ் விமான நிலையத்தில் பணம் மாற்றிக்கொண்டு, ஓரமாக நின்று நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் இருந்த பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. கள்ள நோட்டு என்று சந்தேகப்படுவதாக நினைத்திருப்பார். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது ‘நூறு ரூபாய்’ என்பதை. ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ், அதற்கும் பிறகுதான் இந்தி.

2011-ல் எனக்குச் சென்சஸ் டூட்டி போட்டார்கள். வாத்தியார் வேலையோடு ஒட்டிப் பிறந்த வினை அது. வெயிலில் படியேறி இறங்கியது அந்தச் சில வாரங்கள்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் யார் யார் இருக்கிறார்கள், வீட்டில் கிழம் அதிகமா குழந்தை அதிகமா என்று மனசு கட்டம் போடுகிற பழக்கம் அன்றோடு தொற்றிக்கொண்டது. இந்த நாட்டில் அந்தக் கட்டத்தைப் பர்ஸுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

25 ரூபாயில் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆ-சுவேன். 50-ல் பிரெஞ்சு வம்சாவளி மொரிஸ் பாத்துரோ. 100-ல் நம் ரெங்கநாதன் சீனிவாசன். 200-ல் அப்துல் ரசாக் முகமது. 500-ல் சுக்தேவ் பிஸுன்தயால். 1000-ல், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் தலைவர் கயத்தான் துவால். 2000-ல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலாம். ஆளுக்கு ஒரு தாள், சமூகத்துக்கு ஒரு முகம். யாரும் விட்டுப்போய்விடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை.

அப்படியும் சண்டை வந்தது. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றிவிட்டார்கள். இந்தி பேசியவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே நாங்கள் வந்தவர்கள் என்று தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அச்சடித்த நோட்டையெல்லாம் திரும்பப் பெற்று, மறு வருடம் பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். தமிழ் பேசத் தெரியாத தமிழர்கள் தமிழ் எழுத்துக்காக நடத்திய போராட்டம் அது. இந்த விசித்திரம் இனி வரும் நாட்களிலும் வரும்.

வண்டியில் போகும்போது இரண்டு பக்கமும் கரும்பு. ஊர்கள் வரும்போதெல்லாம் ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மொட்டை மாடிகளில் தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வீடு முடிந்து, வர்ணம் பூசி, பூந்தொட்டி வைத்தாகிவிட்டது. கம்பி மட்டும் அப்படியே. ஓட்டுநரிடம் கேட்டேன். பிள்ளைகளுக்கு என்றார். பையன் தலையெடுத்துக் கல்யாணம் பண்ணினால் அந்தக் கம்பியில் சேர்த்துக் கட்டி மேல் மாடி எழுப்பிக்கொள்வான். அடுத்த தலைமுறைக்கான அச்சாரம்.

காத்ர் போர்ன் நகரில் நான் தங்கும் அறையும் அப்படி எழுப்பிய ஒரு மேல் மாடிதான். பையன் மெல்பர்னில் இருக்கிறான்.

இரண்டாம் நாள் (அக்டோபர் 30)

மெட்ரோவில் போர்ட் லூயிஸ். ஏறியதும் கணக்குப் பார்த்தேன், வேறென்ன. நான் இருந்த பெட்டியில் பாதிக்குமேல் நரைத்த தலைகள். இங்கே 60 வயது ஆனவர்களுக்கும் மாணவர்களுக்கும் பேருந்துக் கட்டணம் கிடையாது, 2005-லிருந்து. காலை பத்து மணிக்கு ஊர் சுற்றுவது யார் என்று பார்த்தால் நாட்டின் வயது தெரிந்துவிடும்.

இந்தத் தீவுக்கு ஆதிகுடி என்று எவரும் இல்லை. இதை மனதில் வாங்கிக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 1598-ல் டச்சுக்காரர்கள் கரையிறங்கியபோது இங்கே இருந்தது காடும் டோடோ பறவையும்தான். டோடோ அந்த நூற்றாண்டைத் தாண்டவில்லை. டச்சுக்காரர்களும் 1710-ல் மூட்டை கட்டினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1810-ல் பிரிட்டிஷார். ஆக இங்கே எல்லாருமே வந்தவர்கள். யார் எப்போது வந்தார், எப்படி வந்தார் என்பதில்தான் வித்தியாசம்: கப்பலுக்குச் சொந்தக்காரராகவா, கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியிலா, கைநாட்டு வைத்த காகிதத்தோடா.

துறைமுகத்தை ஒட்டி ஆப்ரவாசி காட், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை இறக்கிய இடம். நான் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போனேன். ஒரு நடுத்தரப் பள்ளிக்கூட மைதானம் அளவுகூட இல்லை. கருங்கல் சுவர்கள், சமையற்கட்டு, குளிக்கும் இடம், பிறகு அந்தப் பதினாறு படிகள். கப்பலில் வந்தவர்கள் ஏறிய படிகள். 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ கப்பலில் வந்த 36 பேரோடு இந்த வருகை தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். 1835-ல் அடிமை முறையை ஒழித்துவிட்டு, கரும்புக் காட்டுக்கு வேறு ஆள் தேடிய கதைதான் இது. 1861-ல் தீவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் இந்தியர். முப்பதே வருடத்தில் ஒரு நாட்டின் முகம் இப்படி மாறியதை வேறெங்கும் சுலபமாகக் காட்ட முடியாது.

ஆரம்பத்தில் வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. நூறு ஆணுக்கு இத்தனை பெண் என்று அரசே விதி போட்ட பிறகுதான் குடும்பம், குழந்தை என்று எண்ணிக்கை உள்ளூரிலேயே பெருகத் தொடங்கியது. படிகளுக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன். விகிதாச்சாரம் நிரப்ப ஏற்றப்பட்டவர்கள். நிர்வாகப் பதிவேட்டில் அவர்கள் ஒரு சதவீதம்.

ஆனால் தமிழர் கதை இந்தப் படியில் தொடங்கவில்லை. அதற்கும் நூறு வருடம் முன்பு, 1735-ல் கவர்னராக வந்த லாபூர்தொனே, போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கூட்டி வந்தார். அவர்கள் குடியிருந்த பகுதிக்குக் ‘கான் தே மலபார்’ என்று பெயர். நோட்டில் தமிழ் ஏன் இரண்டாவது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி.

அங்கிருந்து ராயல் வீதி வழியாக நடந்தால் ஜும்மா பள்ளிவாசல். இன்னும் கொஞ்ச தூரத்தில் சீனர் தெரு. குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் உள்முற்றத்தில் ஒரு பெரிய பாதாம் மரம். சீனர் தெரு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாதிக் கடைகளில் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு காலத்தில் தீவின் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சீனர் கடை உண்டாம். சம்பள நாள் வரை கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுப்பார்களாம். அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்தார்கள், டாக்டரும் கணக்காயரும் ஆனார்கள், கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். இப்போது சீன வம்சாவளியினர் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இல்லை என்பார்கள். மூலையில் ஒரு கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டேன். பரிமாறிய பையன் நேபாளி.

மூன்றாம் நாள் (அக்டோபர் 31)

காத்ர் போர்னை ஒட்டிக் கோர் தெ கார்த் மலை. அதன் சரிவில் முருகன் கோயில். ‘கோவில் மோந்தாஞ்’ என்றால் சிறு குழந்தையும் வழி காட்டும். காலையிலேயே படியேறினேன். தைப்பூசத்துக்கு இங்கே நாடு முழுக்க அரசு விடுமுறை. இந்த மலைப்படியில் கால் வைக்க இடம் இருக்காதாம். இன்று ஈ காக்கை இல்லை.

மேலே தமிழாசிரியர் ஒருவர் கிடைத்தார். கிடைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், மூன்று நாளில் முதன்முதலாகத் தமிழில் பேசிய ஆள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம், அதைச் சொல்லித்தருகிறார். எழுத்துத் தமிழைப் பேச்சாகப் பேசினார். “தாங்கள் எங்கிருந்து வருகை தந்துள்ளீர்கள்?” என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் குழறிவிட்டது.

அவரிடம் ஒரு விஷயம் தெளிவானது. வீட்டுக்காரம்மா முதல் நாளே என்னிடம், “நீங்கள் இந்துவா, தமிழா?” என்று கேட்டார். அவருடைய ஆங்கிலம்தான் தடுமாறுகிறது என்று நினைத்து, “இரண்டும்தான்” என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. ஆசிரியர் சிரித்தார். இங்கே ‘இந்து’ என்று பேச்சு வழக்கில் சொன்னால் போஜ்புரி வழி வந்தவர்கள். தமிழர், தெலுங்கர், மராத்தியர் தனித்தனி. கணக்கெடுப்பில் மதம் என்ன என்று கேட்டால் ‘தமிழ்’ என்று சொல்லிவிடுவார்கள், எழுதியும் கொள்வார்கள். சுமார் ஆறு சதவீதம் பேர். ஆனால் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கட்டத்துக்கு வந்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்வது கிரியோல், பிரெஞ்சிலிருந்து முளைத்த உள்ளூர்ப் பேச்சு மொழி. தமிழ் இங்கே மதம், பெயர், காவடி, வாழையிலையில் ஏழு கறி, ‘ரசோன்’ ஆகிவிட்ட ரசம். மொழி மட்டும் இல்லை. இதைப் பார்த்து வருத்தப்படுவதா, மொழியே போன பிறகும் இத்தனை மிச்சமிருக்கிறதே என்று வாயைப் பிளப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைப் பிளந்தேன்.

போஜ்புரிக்கும் அதே கதி. 2000 கணக்கெடுப்பில் வீட்டு மொழியாக 12 சதவீதம். 2011-ல் 5 சதவீதம். பதினோரு வருடத்தில் பாதிக்கும் கீழே. கிரியோல் 2022-ல் 90 சதவீதம். ஆட்சிமொழியும் அல்ல, நோட்டிலும் இல்லை. ஆனால் நாட்டையே கட்டி வைத்திருப்பது அந்த ஒரு மொழிதான்.

இறங்கி வந்து தால்பூரி சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் முழுவதும் இதையே படித்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்னைப் போல் வீடு வீடாகப் போனவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

அரசியல் சட்டம் குடிமக்களை நாலு கூடையில் போடுகிறது: இந்து, முஸ்லிம், சீனர், ‘பொது மக்கள்’. நாலாவது கூடைக்கு விளக்கம் என்ன தெரியுமா? வாழ்க்கை முறையைப் பார்த்து முதல் மூன்றில் எதிலும் அடங்காதவர் எவரோ அவர். அப்படியானால் கரும்பாலை முதலாளியாக இருந்த வெள்ளைக்காரக் குடும்பமும், அவரிடம் அடிமையாக இருந்தவரின் கொள்ளுப்பேரனும் ஒரே கூடை. சட்டம் எழுதியவர்கள் இதை எந்த முகத்தோடு எழுதினார்கள் என்று யோசிக்கிறேன்.

இந்தக் கூடை சும்மா இல்லை. நாடாளுமன்றத்துக்கு நேரடியாக 62 பேர் தேர்வாவார்கள். ஏதாவது சமூகத்துக்குப் பங்கு குறைந்தால், தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவர்களை எடுத்து எட்டு இடம் வரை நிரப்புவார்கள். ‘பெஸ்ட் லூசர்’ முறை என்று பெயர். உலகத்தில் வேறெங்கும் தோல்விக்கு இவ்வளவு மரியாதை இருக்காது. எந்தச் சமூகத்துக்குக் குறைகிறது என்று பார்க்க ஜனத்தொகை விகிதம் வேண்டுமே, அது எங்கே? 1972 கணக்கெடுப்பில். இந்து 52, பொது 29, முஸ்லிம் 16 சொச்சம், சீனர் 3 சதவீதம். அதோடு சரி. 1982-ல் அறுபதுக்கு அறுபது வென்று வந்த அரசு, ‘ஒரே மக்கள், ஒரே தேசம்’ என்ற முழக்கத்தோடு, சமூகம் என்ன என்ற கேள்வியையே கணக்கெடுப்புப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டது. 1983-லிருந்து யாரும் கேட்பதில்லை.

நல்ல காரியம்தான். ஆனால் ‘பெஸ்ட் லூசர்’ முறையை எடுக்கவில்லை. ஆகவே கணக்கு மட்டும் 1972-லேயே நிற்கிறது. அன்று எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய விகிதம் இன்னும் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. வேட்பாளர் தன் சமூகத்தை எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். பழைய கணக்கை வைத்துக்கொண்டு கட்டாயப்படுத்துவது சரியல்ல என்று 2012-ல் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு விலக்குக் கொடுத்தார்கள்.

புதிதாக எண்ணிவிட்டால் தீர்ந்தது என்று எனக்குள் இருந்த கணக்காளன் உடனே சொன்னான். மாலையில் ஆசிரியரிடம் தொலைபேசியில் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எண்ணினால் சிலருக்குக் குறையும், ஐயா” என்றார்.

நான்காம் நாள் (நவம்பர் 1)

லெ மோர்ன் மலை பார்க்கத் தென்மேற்குக்குப் போனேன். மாறும் பேருந்தைத் தவறவிட்டு ஒன்றரை மணி நேரம் பெட்டிக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். தப்பியோடிய அடிமைகள் அந்தப் பாறை உச்சியில் ஒளிந்திருந்தார்களாம். விடுதலை அறிவிக்க வந்த போலீஸைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்தார்களாம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. கீழே கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஓட்டல்காரர்களுக்கு வசதியாக.

இன்று இவ்வளவுதான். முதுகு வலிக்கிறது.

ஐந்தாம் நாள் (நவம்பர் 2)

நவம்பர் 2 இங்கே ஒப்பந்தக் கூலிகள் வந்த நாள், அரசு விடுமுறை. ஆப்ரவாசி காட் படிகளில் தலைவர்கள் மலர் வைப்பார்கள். அதே தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். பாதி நாடு துறைமுகத்தைப் பார்த்தும் பாதி நாடு கல்லறையைப் பார்த்தும் நிற்கும் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை.

காலையில் வீட்டுக்காரம்மா இரண்டு கட்டுப் பூவோடு கிளம்பி நின்றார். பொட்டு, கழுத்தில் தாலி. எங்கே என்றேன். சேன் ஜான் கல்லறைக்கு. அவருடைய அம்மா வழியில் ஒரு கிளை கத்தோலிக்கர்கள். கூடவே போனேன்.

வாசலில் பூக்காரர்கள், மெழுகுவர்த்தி, பெட்ரோல் பங்க் மாதிரி வண்டி வரிசை. உள்ளே சிலுவைகளில் பெயர் படித்துக்கொண்டே போனேன். வீராசாமி, பெருமாள், முத்துசாமி மாதிரியான குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் நசுங்கிக் கிடக்கின்றன. முன்னால் மரி, ஜோசெஃப், பியேர். கப்பலில் வந்தவரின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பா பெயர் குடும்பப் பெயராகி நின்றுவிட்டது. பேரன் ஞானஸ்நானம் வாங்கினான். கொள்ளுப்பேத்தி கிரியோல் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். இவரை எந்தக் கூடையில் போடுவது? பெயரைப் பார்த்தால் தமிழர், வாழ்க்கை முறையைப் பார்த்தால் ‘பொது’. 2022-ல் மதவாரியாக இந்துக்கள் 48, கிறிஸ்தவர்கள் 32, முஸ்லிம்கள் 18 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த 32-க்குள் எத்தனை வீராசாமிகள் இருக்கிறார்கள் என்று அட்டவணை சொல்லாது.

வீட்டுக்காரம்மாவின் சித்தி மகள் ஒருத்தி வந்திருந்தார். சுருட்டை முடி, நல்ல உயரம், கழுத்தில் சிலுவை. இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொண்டாடிவிட்டு, யார் கல்லறையை யார் கழுவுவது என்று கிரியோலில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டை அசல் நம்மூர்ச் சண்டை.

கல்லறையில் இன்னொன்றும் புரிகிறது. இந்த மேட்டு நிலத்து ஊர்களெல்லாம் ஏன் இப்படிப் பெருத்தன என்று. 1866 முதல் 1868 வரை மலேரியா கொள்ளைநோயாக வந்து பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. போர்ட் லூயிஸ் பக்கம் புவா மார்ஷானில் அதற்கென்றே ஒரு பெரிய இடுகாடு திறக்க வேண்டியிருந்தது. வசதி உள்ளவர்கள் கொசு இல்லாத குளிர்ந்த மேட்டுக்கு ஓடினார்கள். கியூர்பிப் ஊர் அப்படி வளர்ந்தது. இன்றைக்கும் ஜனத்தொகை அதிகமுள்ள மாவட்டம் இந்த மேட்டுப் பக்கத்து பிளேன் வில்யம்ஸ்தான். இன்று நான் வந்த மெட்ரோ பாதையும், கிட்டத்தட்ட, கொசுவுக்குப் பயந்து ஓடியவர்களின் பாதை.

ஆறாம் நாள் (நவம்பர் 3)

விடியற்காலையிலிருந்து மழை. எங்கும் போகவில்லை. வீட்டுக்காரம்மா கீழே கூப்பிட்டு வெனிலா போட்ட தேநீர் கொடுத்தார். மழை நாளில் பேச்சு எங்கே போகும், குடும்பத்துக்குத்தான்.

அவருடைய அம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்பதும் பிழைத்தன. அதுதான் புதுசு என்றார். பாட்டிக்கும் பத்துக்குக் குறையாது, ஆனால் தங்கியது நாலு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மருந்தடித்து மலேரியாவை ஒழித்தார்கள். சராசரி ஆயுள் முப்பத்துச் சொச்சத்திலிருந்து சில வருடங்களில் ஐம்பதை எட்டியது. ஜனத்தொகை வருடத்துக்கு மூன்று சதவீதம் என்று ஏறத் தொடங்கியது. 1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் வந்து பார்த்து, கரும்பை மட்டும் நம்பிய இந்தத் தீவு இத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது என்று இருண்ட ஆரூடம் சொன்னார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். டிட்மஸ் தலைமையில் வந்த இன்னொரு குழுவும் குடும்பக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கதை கந்தல் என்றது. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள்.

நடந்தது வேறு. பத்தே வருடத்தில் அந்த ஆறு, மூன்றரைக்கு அருகில் வந்துவிட்டது. யாரையும் பிடித்து இழுத்துப் போய் அறுவைச் சிகிச்சை செய்யவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1957-லேயே தொடங்கியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கொடி பிடிப்பதற்குப் பதிலாக, நாள் கணக்குப் பார்க்கும் இயற்கை முறையைச் சொல்லித்தர 1963-ல் ‘அக்சியோன் ஃபமிலியால்’ என்ற அமைப்பு வந்தது. மாத்திரை வேண்டுமா, நாள் கணக்கா, அவரவர் சௌகரியம். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். 1970-ல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கி, ஆயத்த ஆடை ஆலைகள் பெண்களைக் கூப்பிட்டன. வீட்டுக்காரம்மாவும் பதினேழு வயதில் ஸ்வெட்டர் ஆலைக்குப் போனவர். கல்யாணம் இருபத்து மூன்றில். இரண்டே பையன்கள். “மூன்றாவது வேண்டும் என்று மாமியார் சொன்னார். தையல் மெஷினில் அவர் உட்காரட்டும் என்றேன்.” இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு, நான் படித்த எந்த அறிக்கையிலும் இல்லை.

மீட் பயந்தது போக, இப்போது பயம் தலைகீழ். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. சில வருடங்களாகப் பிறப்பைவிட இறப்பு அதிகம். 2011-ல் 12.37 லட்சம் இருந்த ஜனத்தொகை 2022-ல் 12.35 லட்சம். இரண்டாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் சுனாமி இல்லை, யுத்தம் இல்லை, அமைதியான ஒரு நாடு பதினோரு வருடத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்து, முன்பைவிடக் குறைவாக இருப்பது சாதாரண விஷயமல்ல. கிழக்கே தனியாகக் கிடக்கும் ரோட்ரிக்ஸ் தீவில் மட்டும் ஏறியிருக்கிறது, 40 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 43 ஆயிரத்துக்கு மேல். அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிரியோல் மக்கள். போக நாள் இல்லை.

60 வயதானால் எல்லாருக்கும் அரசு ஓய்வூதியம் என்பது 2025 வரை வழக்கம். பணக்காரர் ஏழை பார்ப்பதில்லை. 1950-களிலிருந்து நடந்து வந்தது. இப்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அந்த வயதுக்காரர். 2025 பட்ஜெட்டில் அந்த 60-ஐப் படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்ததும் ஊர் கொதித்துவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கு 68, அவர் தப்பித்துவிட்டார். தம்பிக்கு 58, அவன் பேச்சை எடுத்தாலே மந்திரிகளைத் திட்டுகிறானாம்.

2022 ஜூலையில் கணக்கெடுக்க வந்த பெண்ணைப் பற்றியும் கேட்டேன். தொழில்முறைக் குசலம். அன்றிரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் எத்தனை பேர் என்று அவள் கேட்டிருக்கிறாள். இவர் யோசிக்காமல் ‘நாலு’ என்றிருக்கிறார். பெயர்களைச் சொல்லச் சொன்னபோதுதான், கணவர் இறந்து மூன்று வருடம், ஒருவன் மெல்பர்ன், ஒருவன் மாண்ட்ரியல் என்று தானே எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் எழுதியதை அடித்துவிட்டு ‘1’ என்று போட்டாளாம். எனக்குத் தெரியும் அந்த அடித்தல். நானும் போட்டிருக்கிறேன், சில வீடுகளில்.

மழை விட்டதும் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மொட்டை மாடியில் சூரியச் சுடுநீர்த் தொட்டி வைக்கப்போகிறார். நிழல் விழாத இடம் அந்தத் தூண் மூலைதான். கம்பியை அறுக்க ஒப்பந்தக்காரர் இரண்டு பையன்களை அனுப்பியிருந்தார். இருவரும் வங்கதேசத்தவர்கள். ஆலையிலும் ரொட்டிக் கடையிலும் கட்டட வேலையிலும் இப்படி ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் திரும்ப வேண்டும். பெரியவனுக்கு இருபத்தைந்து இருக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு வங்காள வார்த்தைகளைச் சொன்னேன், அவன் கிரியோலில் பதில் சொன்னான்.

நானும் மேலே போய் நின்றேன். மொத்தம் பதினாறு கம்பி, நாலு தூண். கம்பியில் துரு ஏறிப் பொறுக்குத் தட்டியிருந்தது. வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டுப் பொறி பறந்தபோது பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுக் கம்பிகள் அப்படியே இருந்தன. கீழே சமையலறை ஜன்னலிலிருந்து வீட்டுக்காரம்மா கத்தினார்: தேநீர் எத்தனை பேருக்கு?

பெரியவன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நாலு விரலைக் காட்டினான்.